வெட்டி எடுத்த இருமல்

நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே வீட்டை அதிகாரம் செய்வதால் அண்ணன் வைத்த பெயர். அண்ணன் இறந்து இருபது நாளாகிறது. தங்கைக்கு இன்னும் எதுவும் உறைக்கவில்லை. பல் தேய்த்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள்.

நாய்கள் குரலை எப்படி அடையாளம் காண்கின்றன என்று ஆராயும் கூடத்தில், அண்ணன் போன மாதமே தன் குரலைப் பதிவு செய்து கொடுத்திருந்தான். குறித்த நாளில் அவள் நாயைக் கூட்டி வந்தாள். அண்ணன் குரலுக்குத் திரும்பினால் தானே வளர்ப்பது, இல்லாவிட்டால் மாலையில் காப்பகத்தில் விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஒலிபெருக்கியில் அண்ணன், "மேனேஜர், இங்க வா" என்றான். நாய் கொட்டாவி விட்டது. மூன்று முறையும் அப்படித்தான்.

"ஐயா மீட்டிங்ல இருக்காரு போல," என்றார், அண்ணன் இறந்தது தெரியாத ஆராய்ச்சியாளர்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் எப்பவும் இருமிட்டுதான் சார் கூப்பிடுவான். இதுல இருமலே இல்லையே?"

"அதை வெட்டிட்டோம்மா. எல்லாக் குரலும் ஒரே மாதிரி சுத்தமா இருந்தாதான் ஒப்பிட முடியும்."

"வெட்டாதது இருக்கா?"

தேடி எடுத்துப் போட்டார். இருமல் முடிவதற்குள் நாய் எழுந்து ஓடி, ஒலிபெருக்கியின் முன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஆனா இதை ஆராய்ச்சியில சேர்க்க முடியாதும்மா."

"பரவாயில்ல சார். காப்பகத்துக்கு போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடறேன்."

நாய் அங்கிருந்து நகரவில்லை. அவளும் அவசரப்படுத்தாமல், கயிற்றைப் பிடித்தபடி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.