கடைசியாகத் தொட்டவர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று என் தங்கை வேலையிலிருந்து வந்து, பையை நாற்காலியில் விசிறியடித்து, "எழுதறேன் எழுதறேன்னு உக்காந்திருக்கியேண்ணா, இதை எழுதித் தொலை" என்றாள். எழுதித் தொலைக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அந்தப் பழைய சர்வர் ஒரு கிழட்டு யானையைப் போல' — சீ. யானையுமில்லை, பூனையுமில்லை. அது கணினி அடங்கிய ஓர் இரும்புப் பெட்டி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில், ஏசிக்குக் கீழே இருக்கிறது. வருகிறவர்களின் முடிவுகளெல்லாம் அதற்குள்தான். அதைப் பார்த்துக்கொள்வது தங்கையின் வேலை.

அங்கே ஒரு சட்டம் உண்டு. எது கெட்டுப்போனாலும், அதைக் கடைசியாகத் தொட்டவர்தான் பொறுப்பு. அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் பிரிண்டருக்குத் தாள் வைத்தார்; மறுநாள் பிரிண்டர் படுத்துவிட்டது; அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.*

* கூட்டிச் சொல்லவில்லை. தாள்தான் வைத்தார்.

3

அவள் விடுப்பில் இருந்த நாளில் முதலாளியின் மச்சினன், "ரெண்டு மெமரி சேர்த்தா பறக்கும் மாமா" என்று சொல்லி, மேஜைக் கணினிக்கான மெமரிப் பட்டை இரண்டை வாங்கி வந்து தானே மாட்டிவிட்டுப் போயிருந்தான். சர்வருக்கு உள்ளது வேறு வகை. இரண்டு வகையும் ஒரே இடத்தில் உட்காரும், சேர்ந்து வேலை செய்யாது. மறுநாள் காலையில் முதலாளி பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, பீப் பீப் என்றது, திரை இருட்டாகவே நின்றது. (சட்டப்படி கடைசியாகத் தொட்டவர் முதலாளி. முதலாளிக்கு ஏது சட்டம்?)

தங்கை பெட்டியில் விரல்கூட வைக்கவில்லை. மெமரி சரியில்லை என்று சொல்லும் அந்தப் பீப்பைக் கேட்டாள், குப்பைக் கூடையில் கிடந்த புது மெமரியின் உறையை எடுத்துப் படித்தாள். அவளுக்கு அது போதும்.

"புதுசு ரெண்டையும் எடுத்துட்டா ஓடிரும் சார். போட்டவரே கழட்டட்டும்."

"நான் போட்டப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அங்கேயே நின்றிருந்த மச்சினன். மாட்டிய பிறகு இயக்கிப் பார்த்தானா என்றால், இல்லை.

"சம்பளம் உனக்குத்தானே தர்றேன்? நீ திற" என்றார் முதலாளி.

திறந்தால் பழி தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

4

மச்சினனை நியாயமாக எழுத முயன்றேன்: 'அடிப்படையில் அவன் நல்லவன், ஆனால்' — இந்த வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது. விட்டுவிடுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது.

முன்னறையில் ஒருவர். அவர் மனைவிக்கு அன்று அறுவைச் சிகிச்சை; ரத்த முடிவு வந்தால்தான் மருத்துவர் கை வைப்பார். (அழும் குழந்தை ஒன்றையும் பக்கத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். உங்களை ஏமாற்ற விருப்பமில்லை.) நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

5

ஒரு முடிவு: அவள் ஸ்க்ரூடிரைவரை மச்சினன் கையில் திணிக்கிறாள், அவன் தலைகுனிந்து கழற்றுகிறான். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்று: அவள் வேலையை உதறிவிட்டு நடக்கிறாள், பின்னால் பெட்டி பீப் அடித்துக்கொண்டே — சரி, அந்த மனிதரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நடந்தது இதுதான். அவள் திறந்தாள். இரண்டையும் கழற்றினாள். சர்வர் எழுந்தது. முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் ஓடினார். மச்சினன் நாற்காலியில் சாய்ந்து, "மெதுவா ஓடுது பாருங்க மாமா. புது மெமரியை இவங்க எடுத்துட்டாங்கல்ல?" என்றான். சாயங்காலம் முதலாளி அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன்டி தொட்ட?" என்று கத்தினேன்.

"அந்த ஆளு நின்னுக்கிட்டே இருந்தாருண்ணா."

6

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இப்படியே முடிய விடவும் மனம் ஒப்பவில்லை. 'நாளைக் காலை அவள் அந்தக் கூடத்துக்குப் போய்' — இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் கையை எடுத்துவிட்டேன். கதை இப்போது உங்களிடம் இருக்கிறது. அந்த இடத்துச் சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? கடைசியாகத் தொட்டவர் நீங்கள்.