பொத்தான் தைக்காத பத்துச் சட்டைகள்

தையற்காரியின் மகள் நடக்கப் பழகிய நாளில் அவளுக்குப் பதினோரு நிழல்கள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்ற பத்தும் அதைவிடச் சற்று உயரமாக, ஒன்றையொன்று இடிக்காமல், வரிசை பிசகாமல் பக்கத்தில் விழுந்தன. தகப்பன் வயர்மேன். தொழில்புத்தி போகுமா? விளக்கு மாட்டிய விதம்தான் சரியில்லை என்று ஒரு வாரம் லீவு போட்டு வீட்டின் மொத்த வயரிங்கையும் பிடுங்கி மாற்றினான். பிறகு பிள்ளையை வெயிலுக்குத் தூக்கிப் போனான். அங்கே இருப்பது ஒரே சூரியன். அங்கேயும் பதினொன்று விழுந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஸ்விட்ச் பலகையை மாட்டி முடித்தான்.

தையற்காரிக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. பிள்ளை வேண்டி ஒன்பது வருஷம் ஊசியும் மாத்திரையுமாக ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தவள் அவள். கருவை வயிற்றில் வைத்து அனுப்பும் ஒவ்வொரு தடவையும், வீடு திரும்பியதும் வெட்டுத்துணியில் ஒரு கைக்குழந்தைச் சட்டை தைப்பாள். பொத்தானை மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் வைக்கலாம் என்று விட்டுவிடுவாள். பத்துத் தடவை முடிவு வந்தது. பத்துத் தடவையும் பொத்தானுக்கு வேலை வரவில்லை. சட்டைகளை மடித்துத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்தாள். புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. பதினோராவது சட்டைக்குப் பொத்தான் தைத்த அன்று விரலில் ஊசி ஏறியது. அத்தனை ஊசிக்கு முன்னால் இதெல்லாம் ஒரு ஊசியா என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மகளுக்கு மூன்று வயதாகும்வரைதான் தாங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகள் திரும்பவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. ‘அம்மா’ வரவேயில்லை. மெஷினடியில் சிதறிய பொத்தான்களை மணிக்கணக்காக அடுக்கினாள். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் வீடே இடிந்து விழுந்ததுபோல் அலறினாள். ஆட்டிசம் என்றார் டாக்டர்.

“நான் போட்டுக்கிட்ட ஊசியாலயா டாக்டர்?”

“அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. நீங்க தப்பு எதுவும் பண்ணல.”

மாமியாருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. “குடுக்காததை அடம்பிடிச்சு வாங்கினா இப்படித்தான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். தையற்காரி வெந்துபோனாள்.

பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. நிழல்கள்மேல் இறக்கினாள். அந்தப் பத்தும் கூடவே நிற்பதால்தான் மகள் தன்னைப் பார்ப்பதில்லை என்று முடிவுகட்டி, கோட்டுக்கு வைக்கும் கறுப்பு லைனிங் துணியால் ஜன்னல்களை ஒரு கீற்று வெளிச்சம் விடாமல் மூடினாள். பல்புகளைக் கழற்றினாள். புருஷன் கெஞ்சியும் கேட்கவில்லை. இருட்டில் ஒரு நிழலும் இல்லை. மகள் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. வாயில் வைத்த சோற்றைத் துப்பிவிட்டு, காணாமல்போனவர்களைத் தேடுவதுபோல் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டதில் நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. பெற்ற வயிறு பொறுக்குமா? தையற்காரி அத்தனை துணியையும் பிய்த்தெறிந்தாள்.

உச்சிவேளை வெயில் உள்ளே வந்தது. மகள் நேராகப் போய் இழுப்பறையை இழுத்து, சட்டைகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். தையற்காரி பின்னாலேயே போனாள். நிழல்கள் பத்தும் ஆளுக்கொரு சாணாகக் குறுகியிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு சட்டையை விரித்தாள். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. முதல் நிழலுக்கு நீலக்கோடு, இரண்டாவதற்கு மஞ்சள் பூப்போட்டது, கடைசிக்கு வெள்ளை. எது எந்தத் தடவை தைத்தது என்பது உலகத்திலேயே தையற்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். மகளுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு, முகத்தைப் பார்க்காமலே, தாயின் கையைப் பிரித்து ஒரு பொத்தானை வைத்தாள். தையற்காரி அங்கேயே உட்கார்ந்து, அந்த ஒன்பது வருஷமும் அழாததையெல்லாம் அழுதுகொண்டு, பத்துச் சட்டைக்கும் பொத்தான் தைத்தாள். மகள் ஒவ்வொரு பொத்தானாக எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்க்கப் போனார்கள். மகள் அதுவரை அம்மா என்று சொல்லியிருக்கவில்லை; அதன்பிறகும் சொல்லவில்லை. குமாஸ்தா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

“பத்துப் பேர் சார்” என்றாள் தையற்காரி. “எல்லாரும் மூத்தவங்க.”

குமாஸ்தா மேஜைக்கு மேலாக எட்டித் தரையைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணி, பத்து என்று எழுதினார்.

“ஜன்னல் பக்கமா உட்கார வைக்கச் சொல்றேன்மா. அங்கதான் எல்லாருக்கும் இடம் பத்தும்.”