இணைச்சீருக்கு நிற்பவள்

2024 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எருத்தேன்பதியில் என் தம்பி பூபதிராஜாவின் வீட்டுக் கூடத்தில் பங்காளிகள் கூடினர். அடுத்த வாரம் நடக்கவிருந்த அவர் மகன் அருள்குமாரின் திருமணத்தில் எந்தச் சீரை யார் செய்வது என்று முடிவு செய்வதே நோக்கம். சீர்களை முன்நின்று நடத்தும் அருமைக்காரர் சென்னிமலை நடுவில் அமர்ந்திருந்தார். பாலக்காட்டுச் சித்தூரில் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், மணமகனின் அத்தை என்ற உரிமையில் உடனிருந்தேன்.

இணைச்சீர் வரை எல்லாம் ஒழுங்காகச் சென்றது. அச்சீரில் மணமகனின் உடன்பிறந்தாள் கூறைப்புடவை வைத்த மூங்கில் தட்டைத் தலையில் ஏந்தி நிற்பாள். புடவையின் ஒரு முனை மணமகன் கையில் இருக்கும்.

"இணைச்சீருக்குச் செல்வப்பிரியா நிக்கட்டும்" என்றார் பூபதிராஜா, யாரையும் பாராமல்.

செல்வப்பிரியா எங்கள் இளைய தம்பியின் மகள்; அருள்குமாருடன் சுவரோரம் நின்றிருந்தாள். அருள்குமாரின் சொந்த அக்காவான மௌனிகா அப்போதுதான் மோர் கொண்டுவந்தாள். பால் சங்கத்தில் வேலை பார்ப்பவள். கணவர் இறந்தபின் மகளுடன் பிறந்த வீட்டில் இருக்கிறாள். மோர்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"நா இருக்கறனேப்பா."

"உனக்குத் தெரியாததா கண்ணு? ஊரு ஒத்துக்காது."

வகுப்பில் இணைச்சீரை நான் பலமுறை எடுத்துக்காட்டாகக் கூறியதுண்டு. ஒரு வழக்கம் சமூகத்தில் என்ன பணி செய்கிறது என்று கேட்பது ஒரு நோக்கு. அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று கேட்பது வேறொன்று. செய்கிறவர்கள் அதற்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்று கேட்பது இன்னுமொன்று. மாணவர்கள் மூன்றையும் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். இங்கே மௌனிகா நின்றுகொண்டிருந்தாள்.

"பூபதி, உன்ற கல்யாணத்துல நாந்தான் நின்னேன். எதுக்கு நின்னேன்?" என்று கேட்டேன்.

"அது மொறைங்கக்கா."

"பொறந்த ஊட்டுல எனக்கொரு பிடி இருக்குதுன்னு நாலு பேரு பாக்கத்தான் நின்னேன். அந்தப் பிடி புருசன் இருக்கறவளுக்கு மட்டுமா வேணும்? ஒத்துக்காத ஊரு யாரு? பேரைச் சொல்லு."

அவர் தயங்கவே, நானே வரிசையாகக் கேட்டேன். முதல் பங்காளி நெளிந்தார்.

"எனக்கொண்ணுமில்லீங்க டீச்சர். மேலூட்டு அண்ணன்தான் என்ன நெனைப்பாங்களோ."

மேல்வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நானா? நா எப்படா சொன்னேன்? நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீன்னு நாந்தான் பயந்துட்டு இருந்தேன்!"

"அப்ப அந்த ஊரு இன்னைக்கு லீவுங்களாட்ட இருக்குது" என்றாள் செல்வப்பிரியா. சிரிப்பு எழுந்தது.

சென்னிமலை சிரிக்கவில்லை.

"எனக்கு இருக்குதுங்க டீச்சர். ஊரு மேல போட மாட்டேன். புதுசா வாழப்போற புள்ளைங்களுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? என்ற கையால செய்ய மனசு வராதுங்க."

அந்த அறையில் தம் பெயரிலேயே மறுத்தவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவரை மதித்தேன். அவர் கூற்றை ஏற்கவில்லை. நான் பேசத் தொடங்குமுன் மௌனிகா பேசினாள்.

"மாமா, என்ற கல்யாணத்துச் சீரெல்லாம் ஆரு செஞ்சாங்க?"

"நாந்தேன் அம்மிணி."

"ஒரு கொறை வெச்சீங்களா?"

"ஒரு கொறையும் வெக்கலியே."

"அப்படியிருந்தும் அவரு லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. உங்க மேல ஆராவது பழி சொன்னாங்களா? என் மேல மட்டும் எதுக்குங்க மாமா?"

சென்னிமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூபதிராஜா செல்வப்பிரியாவைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க பெரியப்பா. அக்கா இருக்கையில நா நிக்க மாட்டேனுங்க."

"வேற ஆரு நின்னாலும் பொடவ முனைய நா பிடிக்க மாட்டேன்" என்றான் அருள்குமார்.

ஒரு நெறியை நிலைநிறுத்துவது தண்டனை பற்றிய அச்சம் மட்டுமன்று. அதைச் செய்து முடிக்கக் கைகளும் வேண்டும். அன்று இரண்டு கைகள் விலகின.

"பொள்ளாச்சிக்காரங்க என்ன சொல்லுவாங்களோ" என்றார் பூபதிராஜா. பெண் வீட்டாரைப் பற்றிய அந்த அச்சம் மெய்யானது.

"மறைச்சுச் செய்ய வேண்டாம்ப்பா. முன்னாலயே போய்ச் சொல்லீருங்க" என்றாள் மௌனிகா.

சென்னிமலை வாசலுக்குச் சென்று தம் மனைவியிடம் கைப்பேசியில் பேசிவிட்டுத் திரும்பினார். அதன்பின் எடுக்கப்பட்ட முடிவு பின்வருமாறு. இணைச்சீருக்கு மௌனிகா நிற்பாள். சென்னிமலை மற்ற எல்லாச் சீர்களையும் நடத்துவார். இதில் மட்டும் விலகியிருப்பார். தாமும் அருமைக்காரியான அவர் மனைவி கமலாத்தாள் இதை நடத்தித் தர ஒப்புக்கொண்டார். பூபதிராஜா அன்று மாலையே பொள்ளாச்சி சென்று பெண் வீட்டாரிடம் நேரில் தெரிவிப்பார். அவர்கள் மறுத்தால் முகூர்த்த நாளைத் தள்ளிவைத்துப் பேசலாம். இணைச்சீருக்கு நிற்பவளை மாற்றுவதில்லை.