பாதிப் பை மணல்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கையில், தங்கச்சிமடத்தில் பெஞ்சமின் வீட்டில் ஒரு படகின் பெயரை முன்னிட்டு எழுந்த சண்டை, சாப்பிட்ட கை காய்ந்து போகும் அளவுக்கு நீண்டுவிட்டது.

படகு புத்தம் புதியது. கரையில் கட்டைகளின்மேல் நிறுத்தி, வண்ணம் பூசி முடித்தாயிற்று. முகப்பின் இரு பக்கமும் பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பெயர் எழுதும் சுரேஷ் சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு நான்கு நாள்களே இருந்தன.

"'கிங் ரூபஸ்'. அம்புட்டுத்தான். தூரத்துல பாக்கும்போதே எவனும் வழிவிடுவான்," என்றான் ரூபஸ். அவன் பெஞ்சமினின் மூத்த மகன். இருபத்தாறு வயதில் அப்பாவுடன் கடலுக்குப் போகிறவன்.

"வழி எங்கண்ணே விடுவான்? சிரிக்கிற சிரிப்புல அவன் வலைய விட்டுருவான்," என்றாள் தங்கை ஆன்சி. அவள் ஊரிலேயே ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. கோடை விடுமுறையாதலால் சண்டைக்கு வேண்டிய ஓய்வும் குரலும் அவளிடம் நிறைய இருந்தன.

ஆன்சிக்கு வேண்டிய பெயர் வேறு. அந்த வீட்டின் முதல் படகு புனித அந்தோணியாரின் பெயரைத் தாங்கியது. இரண்டாவது தாத்தாவின் பெயரை. மூன்றாவது, பிறந்து நாற்பது நாளே ஆகியிருந்த ரூபஸின் பெயரை. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தப் படகுகள் கொண்டுவந்த மீனைக் கூடையில் சுமந்து, உச்சிப்புளிச் சந்தைக்குப் பேருந்தேறிப் போய் விற்று வரும் அம்மா ஜோதிமேரியின் பெயர், ரேஷன் அட்டையைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அதை எழுதவேண்டும் என்பதே ஆன்சியின் ஆசை.

"சீ, போடி! எம்பேர எழுதுனா வலையில பாசிதான் ஏறும்," என்று ஜோதிமேரி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். ஆனால், கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அவர் உள்ளே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது ஆன்சிக்குத் தெரியும்.

"குலுக்கல் போட்டுருவோமா?" என்றார் பெஞ்சமின், தப்பித்தால் போதும் என்ற குரலில்.

"குலுக்கல்ல என்னப்பா இருக்கு? 'நொடிவேட்டை' ஆடுவோம். ஆளுக்கு மூணு உசுரு. யாரு தூரமாப் போறாகளோ அவுக சொல்ற பேரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா மூத்தவனுக்கு விட்டுக்கொடுத்துறணும்," என்றான் ரூபஸ் மிகுந்த பெருந்தன்மையுடன்.

"சரி," என்றாள் ஆன்சி.

அந்தச் 'சரி' வாயிலிருந்து புறப்பட்டுப் போன பிறகே, தான் அந்த விளையாட்டை ஒருமுறைகூட ஆடியதில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது.

நொடிவேட்டை என்பது, தடைக்காலத்தின் முதல் நாளிலிருந்து ரூபஸ் தொலைக்காட்சியை வேறெவருக்கும் விடாமல் ஆடிவந்த வீடியோ கேம். அதில் ஒரு தபால்காரப் பெண், ஏழு அறைகள் கொண்ட ஒரு கடிகாரக் கோட்டைக்குள் ஓடவேண்டும். அறை தோறும் பகைவர்கள் மின்னலாகப் பாய்வார்கள். அவள் இடுப்பில் ஒரு பை நிறைய மணல் இருக்கும். ஒரு சிட்டிகை தூவினால் காலம் மெதுவாகும். ஒரு பிடி தூவினால் ஐந்து நொடி பின்னால் போகும். மூன்று பிடி வீசினால் காலம் அப்படியே உறைந்து நிற்கும். வழியில் உள்ள சாடிகளை உடைத்தால் மணல் மீண்டும் கிடைக்கும். இறந்துபோனால் மீண்டும் முதல் அறையிலிருந்தே தொடங்கவேண்டும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் அறைகள் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே பாதையை மனப்பாடம் செய்து பயனில்லை. ஏழாவது அறையில் இயந்திரக் காவலன் ஒருவன் நிற்பான். ஐம்பது நாள்களாக ரூபஸால் அவனை மட்டும் வீழ்த்த முடியவில்லை.

மறுநாள் காலையில் ஆன்சி பாம்பனுக்கு ஓடினாள். அங்கே அவளுடைய கல்லூரித் தோழி ஜுனைதா கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். அந்தக் கேமைக் கரைத்துக் குடித்தவள் அவள்.

செய்தியைக் கேட்டதும் ஜுனைதா ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "யா அல்லாஹ்! மூணு நாள்லயா? ஒங்கண்ணன் கூடயா? சரி, உக்காரு. மொதப் பாடம், நல்லாச் சாவு."

"என்னது?"

"இன்னிக்கு ஜெயிக்கணும்னு நெனைக்காத. இருவது தடவ செத்துப் பாரு. எவன் எப்படிப் பாயுறான்னு கண்ணு படிக்கட்டும். உசுருதான் போகும், படிச்சது போகாது."

ஆன்சி சாகத் தொடங்கினாள். முதல் அறையில் நான்கு முறை செத்தாள். ஒருமுறை, பகைவன் எவனும் வருவதற்கு முன்பே, தானே சுவரில் மோதிச் செத்தாள். பழுதுபார்க்க வந்த கைப்பேசிகளுடன் காத்திருந்த இருவர், தம் வேலையை மறந்து அவளுடைய சாவுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

"உள்ள போனதும் சண்டையப் பாக்காத, வாசலப் பாரு," என்றாள் ஜுனைதா. "வெளிய போற கதவு எங்கன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எவன அடிக்கணும், எவன விட்டுட்டு ஓடணும்னு தெரியும். ஏய், அந்தப் பெட்டிய எதுக்குத் தெறக்குற?"

"உள்ள எதாச்சும் இருக்கும்ல?"

"இருக்கும். நீதான் இருக்க மாட்ட. எல்லாத்தையும் பொறுக்குனா நட மெதுவாயிரும். ஒரு வாள், ஒரு கவசம், போதும். கல்யாண வீட்டுப் பந்தி இல்லடி இது."

இரண்டாம் நாள் மாலைக்குள் ஆன்சி நான்காம் அறை வரை போய்விட்டாள். கண் எரிந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. காலத்தைப் பின்னால் இழுப்பது தவறு செய்தபின் அழுவதற்காக அல்ல, முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்காக என்பதையும் ஜுனைதா காட்டிக்கொடுத்தாள். பகைவனை முதலில் அடிக்க விடவேண்டும். எந்தக் கையால் அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு, ஐந்து நொடி பின்னால் போய், அடி விழும் இடத்தில் இல்லாமல் இருக்கவேண்டும். இதைக் கேட்டு ஆன்சி கடையே அதிரச் சிரித்தாள். எல்.கே.ஜி. வகுப்பில் அவளுக்கு அப்படி ஒரு பை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் நான்காம் அறைக்கு அப்பால் போக முடியவில்லை. ஒன்பது முறை முயன்றாள். ஒன்பது முறையும் அதே இடத்தில் செத்தாள்.

ஜுனைதா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு திரையையே உற்றுப் பார்த்தாள். "ஆன்சி, ஒண்ணு கேக்கேன். நீ சாகுறப்பல்லாம் பையில பாதி மணல் கெடக்கு. அதென்ன, அளந்து வச்ச மாதிரி சரியாப் பாதி?"

"அது இருக்கணும்ல?"

"எதுக்கு?"

"திரும்பி வாரதுக்கு."

ஜுனைதாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. "எங்கன திரும்பி வார?"

ஆன்சி அதை யோசித்துச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த சட்டம் அது. டாங்கில் டீசல் பாதி தீர்ந்தால், கண்ணெதிரே மீன் கூட்டமாகத் துள்ளினாலும் படகைக் கரைப்பக்கம் திருப்பியாகவேண்டும். போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி. அப்பா இதைச் சாப்பிடும்போது சொல்வார், தூங்கப் போகும்போது சொல்வார். கேட்டுக் கேட்டு, படகேறாத அவளுடைய விரல்களிலும் அந்தச் சட்டம் ஏறியிருந்தது.

"அந்தக் கோட்டையில திரும்பி வார பாதையே கெடையாதுடி!" ஜுனைதா மேசையைத் தட்டினாள். "இரு, இரு. ஒங்கண்ணன் காவலன்கிட்டச் சாகுறப்போ பையில எவ்வளவு இருக்கும்?"

ஆன்சி நினைவில் தேடினாள். ஐம்பது நாள்களாக வீட்டில் தொலைக்காட்சி இருந்த கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் திரையின் மூலையில் கண்ட அந்தச் சின்னப் பை. "பாதி," என்றாள் மெல்ல.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் சிரித்த சிரிப்பில், பக்கத்து டீக்கடைக்காரர் என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போட்டி. செய்தி எப்படியோ பரவி, வேலையில்லாத படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜுனைதா கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தாள். ஜோதிமேரி தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாசல் நிலையில் சாய்ந்து, கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

ரூபஸ் முதலில் ஆடினான். முதல் உயிரில் ஆறாம் அறை. இரண்டாவதில் ஐந்தாம் அறை. மூன்றாவதில் புயலாகப் பாய்ந்து காவலன் வரை போனான், இருமுறை வெட்டினான், பை பாதியானது, கை தானாகவே பின்வாங்கியது, செத்தான்.

"கை கொஞ்சம் வேர்த்துருச்சு," என்றான் கூட்டத்திடம். எல்லோரும் அனுதாபத்துடன் தலையசைத்தார்கள்.

ஆன்சி முதல் உயிரை இரண்டாம் அறையில் இழந்தாள். வீடே கொல்லென்று சிரித்தது. "சுரேஷுக்குப் போனப் போட்டு 'கிங்'குக்கு எடம் விடச் சொல்லவா?" என்றான் ரூபஸ். இரண்டாம் உயிர் ஐந்தாம் அறையில் போயிற்று. சிரிப்புச் சத்தம் குறைந்தது.

மூன்றாம் உயிரில் அவள் கால் தரையிலேயே படவில்லை. வாசலைப் பார்த்தாள், ஓடினாள். பெட்டிகளைத் தாண்டினாள். ஒரு சிட்டிகை, ஒரு பிடி, மீண்டும் ஒரு சிட்டிகை. ஆறாம் அறையிலும் மணல் கிடைக்கும் சாடிகளை உடைத்துப் பையை நிரப்பிக்கொண்டு, காவலனின் முன்னால் போய் நின்றாள். அண்ணன் செத்ததும் அங்கேயேதான். அவளும் அங்கேயே செத்தால் மூத்தவனுக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். சனிக்கிழமை காலை படகில் ஒரு 'கிங்' ஏறிவிடுவார். காவலன் வீழ்ந்தே ஆகவேண்டும்.

மூன்று பிடி வீசினாள். காலம் உறைந்தது. வெட்டினாள். இன்னொரு பிடி. பை பாதிக்கு வந்தது.

"போதும் தாயி, பாத்து!" என்று பெஞ்சமின் தம்மையறியாமல் எழுந்துவிட்டார். "பாதியாயிருச்சு! நிறுத்திக்க!"

"வச்சுக்கம்மா, வச்சுக்க!" என்றது தரையில் இருந்த படகுக்காரர் கூட்டம் ஒரே குரலில்.

"திரும்ப எப்படிடி வருவ?" என்று கத்தினான் ரூபஸ், அவள் தனக்கு எதிராக ஆடுகிறாள் என்பதையே மறந்து.

ஆன்சிக்கு எல்லாம் தெரியும். பாதை கிடையாது என்று தெரியும். ஆனாலும் அத்தனை ஆண்களின் குரலும் காதில் விழ, பொத்தானின்மேல் இருந்த விரல் அசைய மறுத்தது. காவலன் வாளை ஓங்கினான்.

"ஐஸ் உருகுதுடி!"

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். ஜோதிமேரி கையில் கருவாட்டுடன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "மணி பன்னெண்டாச்சு, ஐஸ் உருகுது, நாளைக்கு வைக்கிற சரக்கா இது? கொட்டித் தள்ளுடி!"

அது கடலின் சட்டமன்று, சந்தையின் சட்டம். கூடையில் மிஞ்சியது நாளைக்கு நாறும். உச்சிவேளைக்குள் கடைசி மீன்வரை போய்விடவேண்டும். அம்மா இருபத்தேழு ஆண்டுகளாகக் காலிக் கூடையோடு மட்டுமே வீடு திரும்புகிறவர்.

ஆன்சியின் விரல் இறங்கியது. மணலைக் கொட்டினாள். உறைந்தது, வெட்டினாள், இன்னும் வெட்டினாள். பெஞ்சமின் கண்களை மூடிக்கொண்டு "மாதாவே" என்றார். பையில் ஒரே ஒரு பிடி மிஞ்சியது. காவலன் பாய்ந்தான். அவள் விலகவில்லை, அடிக்க விட்டாள். இடது கை! தபால்காரப் பெண் சரிந்து விழும் நேரத்தில் கடைசிப் பிடியையும் வீசினாள். ஐந்து நொடி பின்னால் போயிற்று. மறுபடியும் காவலன் பாய்ந்தான், மறுபடியும் இடது கை. அவள் மறுபக்கம் ஒதுங்கி நின்று, ஓர் எல்.கே.ஜி. ஆசிரியைக்கே உரிய பொறுமையுடன், ஒரே குத்து.

காவலன் திருகாணியும் சக்கரமுமாகச் சிதறினான். பின்னால் ஒரு கதவு திறந்தது. அதற்கு அப்பால் வெயிலும் கடற்கரையும் தெரிந்தன. திரும்பி வருவதற்கான வழி என்று ஒன்று எங்கும் இல்லை. கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஓடத் தொடங்கியது.

வீடு ஒரு கணம் உறைந்து நின்றது, யாரோ மூன்று பிடி மணலை அங்கேயும் வீசியதுபோல. பிறகு ஜுனைதா கத்திய கத்தலில் கூரையில் இருந்த காகங்கள் பறந்தன. ஆன்சி அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்ற, கருவாடு நாலாபக்கமும் சிதறியது.

"அம்பது நாளு," என்றான் ரூபஸ், காலிப் பையையே வெறித்துப் பார்த்தபடி. "அம்பது நாளா மணலச் சேத்து வச்சுக்கிட்டா செத்தேன்?" பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் தரையில் உருண்டான். "ஏலே, கடல்ல மட்டும் இந்த வேலையக் காட்டிராத," என்றார் பெஞ்சமின் கவலையுடன்.

சனிக்கிழமை காலையில் சுரேஷ் ஏணி போட்டு ஏறி, படகின் இடப்பக்க முகப்பில் சிவப்பு எழுத்தில் 'ஜோதிமேரி' என்று எழுதினார். ஜோதிமேரி அங்கே வருவதாகவே இல்லை. ஆனாலும் சுரேஷுக்கு டீ கொடுக்க ஒருமுறை வந்தார். டம்ளரை வாங்கிப் போக ஒருமுறை வந்தார். மூன்றாம் முறை எதற்கு வந்தார் என்பதை அவரே மறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்துப் படகை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்றாள் ஆன்சி.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கோ?"

சுரேஷ் டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். "பெருசாக்கலாம்க்கா. ஆனா பெயிண்டு பாதிதான் இருக்கு. அந்தப் பக்கத்துக்கு வேணும்ல?"

"அந்தப் பக்கத்துக்கு வேற டப்பா வாங்கிக்கிருவோம்," என்றார் ஜோதிமேரி. "நீ கொட்டுப்பா."