மங்கலாக ஒளிர வேண்டிய படலம்

கோவை ஆய்வகத்தில் சண்முகப்பிரியா தினமும் முதல் வேலையாக, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அமிலம் படாத மெல்லிய படலத்தில் லேசரைப் பாய்ச்சி, அதன் மங்கலான ஒளியைப் பார்ப்பாள். எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் படலத்துக்குள் எக்சைட்டான் என்னும் ஜோடியாகச் சேர்ந்தாலும், அணு விடுபட்ட குழிகளில் சிக்கிப் பெரும்பாலும் ஒளிராமலே மடியும். அமிலம் பட்டால் குழிகள் சரியாகிப் படலம் பளிச்சிடும். அவளுடைய ஐந்து வருட ஆய்வே அதுதான்.

இன்று அமிலம் படாததே பளிச்சிட்டது. ஆய்வு முழுவதும் பொய்யாகிவிடுமோ என்று அவள் மறுபடியும் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தாள்.

"ஏன் அம்மணி, இதை யாராச்சும் தொட்டாங்களா?"

உடன் ஆய்வு செய்யும் அன்புச்செல்வி தலைகுனிந்தாள். "நேத்து நான்தானுங்கக்கா வேற படலம்னு நெனச்சு மாத்தி அமிலத்துல முக்கிப்போட்டேன். திட்டுவீங்கன்னு பயந்து சொல்லலீங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் சூலூர் பஸ்ஸைப் போகவிட்டு, படலம் எடுக்கும் படிகத்திலிருந்து ஒட்டும் டேப்பால் புதுப் படலம் உரித்து, அது மங்கலாகவே ஒளிர்வதைக் காட்டிவிட்டுத்தான் அன்புச்செல்வி கிளம்பினாள்.