பச்சையில் இரண்டு பச்சை

மார்ச் 9, செவ்வாய். சித்தியின் நாடகத்தில் யார் எதைப் பேசுகிறார்கள் என்பதையே அழித்துவிட்டேன். பழைய கோப்பைத் திறந்து பார்க்காமலே மாற்றியது என் தவறு.

ஒத்திகை அறையின் மூலையில் உட்கார்ந்து இதை எழுதியவள், மாலைக் கணினி வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சித்தி, இருபது வருஷத்துக்கு முன் கணினியில் அடித்து வைத்த தன் பதினான்கு நாடகங்களையும் அவள் கையில் கொடுத்திருந்தாள். அவற்றை எந்தக் கணினியிலும் திறக்கிற வெறும் எழுத்தாக மாற்ற வேண்டும்; தலைப்புக்கு ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் நட்சத்திரங்கள், அவ்வளவுதான்.

"முதல் நாடகம் ஒழுங்கா வந்தா மீதியும் உனக்கு. இல்லன்னா டைப்பிங் சென்டர்ல குடுத்துடுவேன்" என்று சித்தி சொல்லியிருந்தாள். வகுப்பில் சேர்ந்தபின் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. மாற்றும் கருவியில் போட்டு எடுத்து, சொற்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த நிம்மதியோடுதான் பிரதிகளை நடிக்கிறவர்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தாள்.

காவலாளி வேஷம் போடும் பூட்டுக்காரர் முதல் வரியைக் கம்பீரமாக வாசித்தார்.

"அண்ணே, நான்தானே மகாராணி? அது என் வசனம்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சித்தி தாள்களைப் புரட்டினாள். "ஆளுக்கு ஒரு கலர்ல அடிச்சிருந்தேனே! ஏண்டி, கலரெல்லாம் எங்க போச்சு?"

"வெறும் எழுத்துல கலர் நிக்காது சித்தி."

"சோப்புப் போட்டுத் துவைச்சுட்டாளா?" என்றார் மகாராணியின் தம்பியாக நடிக்கும் எலெக்ட்ரீசியன். சிரிப்பில் அறை அதிர்ந்தது. அவளுக்குக் காது சுட்டது.

நல்லவேளை, மூலக் கோப்பை அவள் தொடாமல் வைத்திருந்தாள். மடிக்கணினியில் அதைத் திறந்து, நிறம் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். சிவப்பு மகாராணி, நீலம் மந்திரி. பச்சையில்தான் சிக்கல்: காவலாளிக்கும் ஒரு பச்சை, தம்பிக்கும் ஒரு பச்சை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன; பச்சையில் இருந்த ஒரு பெரிய வசனம் யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

"அந்தப் பெரிய வசனம் தம்பிக்குத்தான். முன்னாடி மேடையில போட்டப்பவெல்லாம் தம்பிதானே பேசினான்" என்றாள் சித்தி.

எதிர்த்துப் பேச அவளுக்குத் தயக்கம். ஆனால் கோப்புக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் இருந்தது; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகளுக்கும் வெவ்வேறு எண். காவலாளி என்று தெளிவாகத் தெரிந்த ஒரு வரியின் எண்ணையும், பெரிய வசனத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்; இரண்டும் ஒரே எண். இரண்டு தரம் சரிபார்த்தாள்.

"சித்தி, இது காவலாளியோடது."

சித்தி குனிந்து பார்த்தாள். அந்த வசனத்தை மெல்ல வாசித்தாள். "அட ஆமா! வாசல்ல நின்னு கேட்டவன்தானே இதைச் சொல்ல முடியும். இருபது வருஷமா தப்பாப் போட்டுட்டு இருந்திருக்கேன்."

"போச்சு, என் ஒரே நல்ல வசனம்" என்றார் எலெக்ட்ரீசியன்.

பூட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பாப்பா, உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

"சர்க்கரை அப்புறம்" என்றாள் சித்தி. "மீதி பதிமூணையும் இவளே முடிக்கட்டும்."

அன்றைய குறிப்பின் அடியில் அவள் எழுதினாள்:

நாளை: இரண்டாவது நாடகம். மாற்றும் முன் திறந்து பார்க்க வேண்டும். நிற எண்களைப் பட்டியல் போட்டு, எது யாருடையது என்று சித்தியிடம் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் பேசுபவர் பெயர், நட்சத்திரங்களுக்கு நடுவே.