அப்பா குளிச்சிட்டிருக்காங்க

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. நான் துணி போடும் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் கேட்டாள்.

“நீங்க எழுதுறவங்கதானேக்கா? என் பொண்ணுக்கு ஒரு கதை எழுதிக் குடுங்க. அப்பா போனது அவளால இல்லன்னு அதுல இருக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா.”

2

நடந்தது இதுதான். காலையில் கதவைத் தட்டினார்கள். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ஏழு வயது மகள் திறந்தாள். வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அப்பா இருக்காரா பாப்பா?” மூன்று பேர், சிரித்த முகம்.

“குளிச்சிட்டிருக்காங்க. உள்ள வந்து உக்காருங்க.”

வந்தவர்களை அப்படி வரவேற்கப் பழக்கியதே அப்பாதான். ஊரெல்லாம் டைல்ஸ் ஒட்டிய மனிதரைத் தலைகூடத் துவட்டவிடாமல் இழுத்துப்போய், அவர் பிறந்த நாட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். மனைவி, மகள் குடியுரிமைக் காகிதம் சரியாம், அவருடையது மட்டும் சரியில்லையாம். அவர் போட்ட தரையில் நடக்கும்போது யாருக்கும் அது உறுத்தவில்லை பாருங்கள்!

அன்றிலிருந்து வாயாடி எதைக் கேட்டாலும் “தெரியாது” என்கிறாள். டீச்சர் பெயரைக் கேட்டால்கூட.

(அந்த மூவரைப் பற்றி நான் முதலில் எழுதியது: “அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும், பாவம், அவர்கள் வேலை அப்படி, ஆகவே...” அடித்துவிட்டேன். வயிறு எரியும்போது நடுநிலை பேச எனக்கு வராது.)

3

சரி, மாற்றிப் பார்க்கிறேன். வாயாடி “அப்பா வீட்ல இல்ல” என்கிறாள். அவர்கள் மாடிப்படியில் உட்காருகிறார்கள். டைல்ஸ் வெட்டும் மெஷினோடு அப்பா இறங்கி வரும்போது பிடிக்கிறார்கள்.

இன்னொன்று. அவள் கதவையே திறக்கவில்லை. அடுத்த வாரம், யார் வீட்டிலோ பாதி ஒட்டிய குளியலறையில் வைத்துப் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று. அதிகாரி ஒருவர் மனமிரங்கி,

(பேனா ஓடமாட்டேன் என்கிறது. ஒரு நல்ல ஆளைக் கதையில் நுழைத்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். அதற்கு நான் ஆளில்லை.)

4

எழுதிய வரைக்கும் கடைக்கு எடுத்துப்போய் வாயாடியிடம் வாசித்தேன். துணிமூட்டைமேல் உட்கார்ந்து கேட்டாள்.

“பாத்தியா? நீ என்ன சொன்னாலும் பிடிக்கத்தான் செய்றாங்க. உன் தப்பு எங்க இருக்கு?”

யோசித்தாள். “இத எழுதுறது நீங்கதானே ஆன்ட்டி?”

“ஆமா.”

“அப்ப எதுக்குப் பிடிக்க விடுறீங்க?”

“ஏய், சும்மா இரு” என்றாள் அம்மா. ஆனால் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

5

எழுதியதை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னை விடுங்கள். வாயாடியின் அப்பாவைத் துரத்திய சட்டத்தையும் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள்தானே? எழுதியவர்களுக்கு ஓட்டுப் போட்டது யார்? நானும்தான், நீங்களும்தான்.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே அந்தக் கடைக்குத்தான் வருவாள். நீங்கள் போங்கள். ஏன் பிடிக்க விட்டோம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.